அம்பு பக்கவாட்டில் பறக்கிறது: மெஷ் பார்ட்டிகிளின் திசையை எந்த இடத்தில் சரிசெய்வது?

வில்லாளி

அன்ரியல் 5 என்ஜின், அதன் துகள் எஃபெக்ட் கருவியான நயாகரா, சிபியு சிமுலேஷன். கோட்டை மதிலிலிருந்து ஒரே வீச்சில் 60 அம்புகள் பாயும் எஃபெக்ட். அம்பு 80 செ.மீ. நீளம், பிளெண்டரில் நுனி மேலே பார்க்க, நட்டுவைத்த மாதிரி செய்த மெஷ். வேகம் நொடிக்கு 3000 செ.மீ., புவியீர்ப்பு 980. மெஷ் ரெண்டரரில் ஃபேசிங் மோடை (துகள் எதைப் பார்த்துத் திரும்பும் என்ற அமைப்பு) வெலாசிட்டிக்கு மாற்றியாச்சு. மூன்று சிக்கல்:

ஒன்று, அம்பு நுனி முன்னால் வராமல், கிடத்திய உலக்கை போல குறுக்கே பறக்கிறது. அப்டேட் மெஷ் ஓரியன்டேஷன் மாட்யூலில் 90 போட்டால் சுழல ஆரம்பிக்கிறது.

இரண்டு, தரையில் குத்தி நின்றதும் 60 அம்பும் ஒரே பக்கம் திரும்பிக்கொள்கின்றன.

மூன்று, அதே சிஸ்டத்தில் மதில் உடைந்து செங்கல் சிதறும் எமிட்டர் (துகளைப் பிறப்பிக்கும் பகுதி) ஒன்று உண்டு. மதிலை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் செங்கல்கள் ஆரம்பத்தில் ஒரே திசை பார்த்தே பிறக்கின்றன.

எல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா?

அச்சாணி

தனித்தனி. மூன்றும் ‘ரொட்டேஷன் தப்பு’ என்று ஒரே மாதிரி தெரிவதால்தான் ஆட்கள் ஒரே இடத்தில் 90-ஐயும் 180-ஐயும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். முதலாவது, மெஷ் எந்த அச்சில் செய்யப்பட்டது என்ற விஷயம். இரண்டாவது, திசை எந்த வெக்டரிலிருந்து வருகிறது என்பது. மூன்றாவது, அந்த வெக்டர் யாருடைய ஸ்பேஸில் இருக்கிறது என்பது. ஒன்றின் தப்பை இன்னொன்றில் ஈடுகட்டினால் இன்றைக்குச் சரியாகத் தெரியும். நாளைக்கு மதிலைத் திருப்பினால் மறுபடி உடையும்.

முதலாவதை இப்போதே முடித்துவிடலாம். நயாகராவின் ஃபேசிங் மோட், மெஷ்ஷின் சொந்த எக்ஸ் அச்சைத்தான் வெலாசிட்டியோடு ஒட்டவைக்கும். உங்கள் அம்பு இசட் அச்சில் நிற்கிறது. எக்ஸ் அச்சு முன்னால் போகிறது, அம்பு குறுக்கே கிடக்கிறது. என்ஜின் சொன்னதைத்தான் செய்கிறது.

பிளெண்டரில்: ஆப்ஜெக்டைத் தேர்ந்து ஒய் அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்புங்கள். இசட்டில் நின்ற நுனி நேர் எக்ஸுக்கு வரும். பிறகு கன்ட்ரோல்-ஏ அழுத்தி ரொட்டேஷனையும் ஸ்கேலையும் அப்ளை செய்யுங்கள். இதை மறந்தால் திருப்பியது ஆப்ஜெக்டில் மட்டும் இருக்கும், வெர்டெக்ஸில் இருக்காது. எஃப்பிஎக்ஸ் கோப்பு வழியாக அன்ரியலுக்குப் போகும்போது ஒய் அச்சின் குறி மாறும், எக்ஸ் அப்படியே வரும். அதனால் நுனி நேர் எக்ஸில் இருந்தால் அங்கேயும் நேர் எக்ஸ்தான்.

ஆரிஜின் எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பார்ட்டிகிளின் பொசிஷன் என்பது அந்தப் புள்ளிதான். தரையில் குத்தி நிற்கவேண்டிய அம்பு என்றால் நுனிக்கு 5 செ.மீ. பின்னால் வையுங்கள். மோதல் புள்ளியில் ஆரிஜின் நிற்கும்போது 5 செ.மீ. மண்ணுக்குள் போயிருக்கும். தண்டின் நடுவில் வைத்தால் அம்பு பாதி புதைந்து நிற்கும்.

அப்டேட் மெஷ் ஓரியன்டேஷன் சுழன்றதில் ஆச்சரியமில்லை. அது திசையை நிறுத்திவைக்கும் மாட்யூல் அல்ல, தொடர்ந்து சுழற்றும் மாட்யூல். ஆரம்பத் திசைக்கு ஸ்பானில் (துகள் பிறக்கும் கட்டத்தில்) இனிஷியல் மெஷ் ஓரியன்டேஷன் மாட்யூலைப் போடுங்கள்.

வில்லாளி

மெஷ்ஷை வேறு இரண்டு சிஸ்டமும் பயன்படுத்துது. மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணினா அங்கே கெட்டுப்போகும். வேற வழி?

அச்சாணி

மெஷ் ரெண்டரரில் மெஷ்ஷைச் சேர்க்கும் வரிசையை விரித்தால் ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஸ்கேல், ரொட்டேஷன், பிவட் ஆஃப்செட் என்று தனித்தனி இருக்கும். அங்கே பிட்ச் மைனஸ் 90. அன்ரியலில் பிட்ச் கூடினால் மூக்கு மேலே தூக்கும், அதாவது எக்ஸ் இசட்டை நோக்கிப் போகும். நமக்கு வேண்டியது அதற்கு எதிர், ஆகவே மைனஸ். பார்ட்டிகிள் தரவைத் தொடாமல் மெஷ்ஷை மட்டும் திருப்புவதால் மற்ற கணக்கு எதுவும் கெடாது.

சரிபார்க்க ஒரு சோதனை: ஒரே ஒரு பார்ட்டிகிள், வெலாசிட்டி பூஜ்யம், ஃபேசிங் மோட் டிஃபால்ட், ஓரியன்டேஷன் மாட்யூல் எதுவும் இல்லை, ஆக்டருக்கும் ரொட்டேஷன் இல்லை. நுனி சிவப்பு (எக்ஸ்) அச்சு பக்கம் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் மேற்கொண்டு எந்த மாட்யூலையும் தொடாதீர்கள்.

துகள்தச்சன்

ரெண்டாவது சிக்கலுக்கு வர்றேன். அம்பு நின்னதும் வெலாசிட்டி பூஜ்யம். பூஜ்ய வெக்டருக்குத் திசையே கிடையாது. நார்மலைஸ் பண்ணப் போனா (நீளத்தை 1 ஆக்கப் போனா) பூஜ்யத்தால வகுக்கணும், அதைத் தவிர்க்க எந்த என்ஜினும் ஏதாவது ஒரு இயல்புத் திசையைக் கொடுத்துடும். 60 அம்புக்கும் அதே இயல்புத் திசை, அதான் எல்லாம் ஒரே பக்கம் திரும்புது.

மருந்து: திசையை நீங்களே பார்ட்டிகிள்ல சேமிச்சு வையுங்க. ‘கடைசித்திசை’ன்னு ஒரு வெக்டர் ஆட்ரிபியூட். ஸ்பான்ல ஆரம்ப வெலாசிட்டியை நார்மலைஸ் பண்ணி அதுல போடுங்க. அப்டேட்ல, வேகம் நொடிக்கு 5 செ.மீ.க்கு மேல இருந்தா மட்டும் புதுப்பிக்கணும், இல்லேன்னா பழசு அப்படியே. 5ங்கிறது சாஸ்திரம் இல்லை, உங்க எஃபெக்ட்டோட நடுக்க அளவை விடப் பெருசா இருந்தா போதும். பிறகு ஃபேசிங் மோடை டிஃபால்ட்டுக்கு மாத்திட்டு, ஸ்கிராட்ச் பேட் மாட்யூல் ஒண்ணுல இந்தத் திசையிலிருந்து மெஷ் ஓரியன்டேஷனை எழுதுங்க.

மாட்யூல் வரிசை முக்கியம். சால்வ் ஃபோர்சஸ் அண்ட் வெலாசிட்டிக்குக் கீழே வைக்கணும். மேலே வச்சா ஒரு ஃப்ரேம் பழைய திசை. பறக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது: நொடிக்கு 60 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேமுக்குப் புவியீர்ப்பு மாத்துறது 16 செ.மீ. வேகம், 3000-ல அது 0.3 டிகிரி. ஆனா எதுலயாவது பட்டுத் தெறிக்கிற பொருளா இருந்தா, மோதின ஃப்ரேம்ல திசை முழுசா மாறும். அந்த ஒரு ஃப்ரேம் சுவருக்குள்ள குத்திக்கிட்டு நிக்கிறது தெரியும்.

அம்பு குத்தி நிக்கணும்னா கொலிஷன்ல ரெஸ்டிட்யூஷன் (துள்ளல் அளவு) பூஜ்யம். சின்னதா துள்ளல் இருந்தாலே துள்ளுற திசைக்குக் கடைசித்திசை புதுசாயிடும், அம்பு வானத்தைப் பார்த்து நிக்கும். இன்னும் உறுதியா வேணும்னா மோதினதும் ஒரு கொடியை ட்ரூ ஆக்கி, அதுக்கப்புறம் திசையைத் தொடாதீங்க.

வெள்ளிமாலை_பில்ட்

இவ்வளவு தேவையா? 60 அம்பு, கேமரா 40 மீட்டர் தள்ளி. ஃபேசிங் வெலாசிட்டி வச்சுட்டு, மோதினதும் பார்ட்டிகிளைக் கொன்னுட்டு, அந்த இடத்துல நிலையான அம்பு ஒண்ணை வேற எமிட்டர்ல பிறக்க வச்சா முடிஞ்சது.

துகள்தச்சன்

அதுவும் வழிதான், ஆனா புது அம்புக்குத் திசை எங்கிருந்து வரும்? மோதின கணத்து வெலாசிட்டியை ஈவென்ட்ல அனுப்பணும். அனுப்புறது மோதலுக்கு முன்னாடி வெலாசிட்டியா பின்னாடியான்னு பார்க்கணும். பின்னாடின்னா மறுபடி அதே பூஜ்யம். கடைசியில நீங்களும் ஒரு வெக்டரைச் சேமிச்சுத்தான் ஆகணும்.

மத்தபடி நீங்க சொல்றது ஒரு வகைக்குச் சரி. தீப்பொறி, தோட்டா வெறும் ஓடு, அரை நொடிக்குள்ள சாகிற எதுவா இருந்தாலும், எதுலயும் மோதி நிக்கலேன்னா ஃபேசிங் மோட் போதும். அதுக்குக் குவாட்டர்னியன் (சுழற்சியைச் சொல்ற நாலு எண்) எழுதுறது வீண் வேலை.

வில்லாளி

திசை வெக்டர் கைவசம் இருக்கு. அதிலிருந்து குவாட்டர்னியன் எழுதுவது எப்படி? எக்ஸ் அச்சுக்கும் திசைக்கும் இடையிலான குறுகிய சுழற்சி என்று படித்தேன். அதைப் போட்டேன், வேலை செய்கிறது. ஆனால் வால் இறகுகள் பறக்கும்போது மெதுவாக உருள்கின்றன. சில அம்புகள் மட்டும் ஒரு கணம் தலைகீழாகத் துடிக்கின்றன.

நாலாம்_அச்சு

இரண்டு அறிகுறிக்கும் காரணம் நீங்கள் பயன்படுத்திய சூத்திரத்திலேயே இருக்கிறது.

குறுகிய சுழற்சி என்பது இது: அ, ஆ இரண்டும் அலகு வெக்டர்கள். இரண்டின் கிராஸ் பிராடக்ட் (இரண்டுக்கும் செங்குத்தான வெக்டர்) குவாட்டர்னியனின் முதல் மூன்று எண்கள். நான்காவது எண் 1 கூட்டல் இரண்டின் டாட் (இரண்டும் எவ்வளவு ஒரே திசை என்று சொல்லும் எண்). பிறகு நார்மலைஸ். அழகான சூத்திரம், டிரிக்னாமெட்ரி கிடையாது. ஆனால் ஆ, அ-வுக்கு நேர் எதிராக இருந்தால் கிராஸும் பூஜ்யம், நான்காவது எண்ணும் பூஜ்யம். எந்த அச்சைச் சுற்றி 180 டிகிரி திரும்புவது என்று சொல்ல ஆளில்லை. மைனஸ் எக்ஸ் பக்கம் பாயும் அம்புகள் மட்டும் துடிப்பது இதனால்தான். டாட் மைனஸ் 0.9999-க்குக் கீழே போனால் இசட் அச்சைச் சுற்றி 180 டிகிரி என்று கையால் கொடுத்துவிடுங்கள்.

துடிப்பு இதில் நிற்கும், உருள்வது நிற்காது. ஒரு திசை வெக்டர் இரண்டு கோணத்தைத்தான் தீர்மானிக்கிறது. மூன்றாவது கோணம், அதாவது தண்டையே சுற்றிய உருளல், யார் கையிலும் இல்லை. குறுகிய சுழற்சி அதைத் தன் வசதிக்கு ஏதோ ஒன்றாக வைக்கும். உருண்டையான கல்லுக்கு அது பொருட்டில்லை. மூன்று இறகு உள்ள அம்புக்கு, கத்திக்கு, மீனுக்கு, இலைக்கு அது தெரியும்.

ஆக இரண்டாவது வெக்டர் ஒன்று வேண்டும், ‘மேல்’ எது என்று சொல்ல. முன் = கடைசித்திசை. வலம் = மேல் கிராஸ் முன், நார்மலைஸ். புதிய மேல் = முன் கிராஸ் வலம். மூன்றையும் எக்ஸ், ஒய், இசட் அச்சாக வைத்து மேட்ரிக்ஸ், அதிலிருந்து குவாட்டர்னியன். வரிசையை மாற்றிவிட்டால் வலம் இடமாகும். மெஷ் உள்-வெளி புரண்ட மாதிரி வந்தால் இங்கேதான் பாருங்கள்.

மேல் என்பதற்கு உலக இசட்டைக் கொடுத்தால் பெரும்பாலான விளையாட்டுக்குப் போதும். ஆனால் நேர் மேலே எய்த அம்பு உச்சியைத் தாண்டும்போது முன்னும் மேலும் ஒரே கோட்டில் வரும், கிராஸ் பூஜ்யத்தை நெருங்கும், அம்பு உச்சியில் சட்டென்று அரைச் சுற்று உருளும். டாட்டின் அளவு 0.99 தாண்டினால் மேலுக்கு வேறு அச்சு கொடு என்று பலர் எழுதுவார்கள். அது பிழையை நீக்காது, 0.99 கோட்டுக்கு நகர்த்தும்.

சரியான வழி, போன ஃப்ரேமின் மேலையே இந்த ஃப்ரேமுக்குக் கொண்டுவருவது. பழைய மேலிலிருந்து புதிய முன் திசையில் விழும் பங்கைக் கழியுங்கள்: மேல் கழித்தல் முன் பெருக்கல் இரண்டின் டாட். நார்மலைஸ். அதுவே புதிய மேல். ஒரு ஃப்ரேமில் திசை 90 டிகிரி திரும்பாத வரை இது பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே போகாது. ஒரு பார்ட்டிகிளுக்கு ஒரு வெக்டர் கூடுதல் நினைவகம், அவ்வளவுதான் விலை. ஸ்பானில் மட்டும் முதல் மேலைத் திசைக்குச் செங்குத்தாகத் தேர்ந்து கொடுங்கள். 60 அம்புக்கும் வேறுவேறாக இருந்தால் இன்னும் நல்லது.

வில்லாளி

அம்பு தன் தண்டைச் சுற்றிச் சுழலவும் வேண்டும் என்றால்? இதே குவாட்டர்னியனில் ஒவ்வொரு ஃப்ரேமும் கொஞ்சம் பெருக்கிக்கொண்டே போகலாமா?

நாலாம்_அச்சு

வேண்டாம். சுழல் கோணத்தைத் தனி எண்ணாக வையுங்கள்: வயது பெருக்கல் வேகம். ஒவ்வொரு ஃப்ரேமும் புதிதாகக் கட்டுங்கள்: திசைக் குவாட்டர்னியன் பெருக்கல் எக்ஸ் அச்சைச் சுற்றிய சுழல் குவாட்டர்னியன். அன்ரியலிலும் யூனிட்டியிலும் வலப்பக்கம் இருப்பது முதலில் நடக்கும். அதாவது மெஷ் தன் சொந்த எக்ஸைச் சுற்றி முதலில் சுழலும், பிறகு திசைக்குத் திரும்பும். இடம் மாற்றினால் அம்பு உலக எக்ஸைச் சுற்றி, ராட்டினத்தில் கட்டியது போல வீசும்.

பெருக்கிக்கொண்டே போவது செங்கல் போல, திசைக் கட்டுப்பாடே இல்லாமல் உருள்பவற்றுக்கு. அங்கே ஒவ்வொரு ஃப்ரேமும் நார்மலைஸ் செய்யவேண்டும். இல்லாவிட்டால் நீளம் 1-ஐ விட்டு நகர்ந்து மெஷ் வீங்கும் அல்லது சாயும்.

மழைஇலை

குறுக்கே ஒரு கேள்வி. கர்ல் நாய்ஸில் (சுழல் போல அலைக்கும் விசையில்) அலையும் இலைகளுக்கு இதே முறை போட்டால் ஒவ்வொரு இலையும் பூச்சி மாதிரி நடுங்குகிறது. வேகம் நொடிக்கு 40-50 செ.மீ. தான்.

துகள்தச்சன்

நாய்ஸ் வெலாசிட்டியைக் குலுக்குது, திசை அதை அப்படியே பின்பற்றுது. வேகம் குறைய குறைய நடுக்கம் கூடும்: 3000-ல 20 செ.மீ. குலுக்கல் 0.4 டிகிரிதான், 40-ல அதே குலுக்கல் 25 டிகிரிக்கு மேல. திசைக்கு மட்டும் இழுவை போடுங்க. பழைய திசையிலிருந்து புதுசுக்கு லெர்ப் (ஒரு பங்கு மட்டும் நகர்த்துறது), பிறகு நார்மலைஸ். பங்கு எவ்வளவுன்னா, 1 கழித்தல் இ-யின் மைனஸ் கே-டெல்டா அடுக்கு (டெல்டா ஒரு ஃப்ரேமோட நேரம், கே பின்பற்றுற வேகம்). கே 10 வச்சா 60 ஃப்ரேம்ல பங்கு 0.15, 30 ஃப்ரேம்ல 0.28. நிறையப் பேர் 0.15னு நிலையா எழுதிடுறாங்க. 30 ஃப்ரேம்ல ஓடுற போன்ல இலை அதே திருப்பத்துக்கு ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

இலைக்கு நீங்க வெலாசிட்டியைப் பின்பற்றவே தேவையில்லைன்னு தோணுது. இலை போற திசையைப் பார்த்துப் போறதில்ல, மீன்தான் போகும். மெதுவான சுழற்சியை மட்டும் குடுத்துப் பாருங்க.

சதுரக்கல்

யூனிட்டிக்காரர்களுக்கு இதே கதை வேறு உடையில் வரும், சேர்த்துவிடுகிறேன்.

பிளெண்டர் எஃப்பிஎக்ஸை யூனிட்டியில் போட்டால் ஆப்ஜெக்டின் டிரான்ஸ்ஃபார்மில் எக்ஸ் மைனஸ் 90-உம் ஸ்கேல் 100-உம் உட்கார்ந்திருக்கும். சீனில் இழுத்து வைத்தால் சரியாகத் தெரியும். ஆனால் பார்ட்டிகிள் சிஸ்டத்தின் ரெண்டரர் பெட்டி மெஷ்ஷை மட்டும் எடுக்கும், டிரான்ஸ்ஃபார்மை எடுக்காது. அந்த மைனஸ் 90-உம் 100-உம் காணாமல் போகும். மெஷ் படுத்துக்கொண்டும், நூறில் ஒரு பங்காகவும் வரும். ‘பார்ட்டிகிளே வரவில்லை’ என்று வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில், வந்திருக்கும், கடுகளவில். எக்ஸ்போர்ட்டில் அப்ளை ஸ்கேலிங்ஸை எஃப்பிஎக்ஸ் ஆல் என்று வையுங்கள். இம்போர்ட்டில் பேக் ஆக்ஸிஸ் கன்வெர்ஷனை டிக் செய்யுங்கள்.

திசைக்கு ரெண்டரரில் ரெண்டர் அலைன்மென்ட்: வியூ, வேர்ல்ட், லோக்கல், ஃபேசிங், வெலாசிட்டி. வெலாசிட்டியில் மெஷ்ஷின் இசட் முன்னால் போகும். பிறக்கும் திசை மட்டும் போதும், பிறகு விருப்பப்படி உருளட்டும் என்றால் ஷேப் மாட்யூலில் அலைன் டு டைரக்‌ஷன். மெஷ்ஷை மூன்று அச்சிலும் திருப்ப 3டி ஸ்டார்ட் ரொட்டேஷன் டிக் வேண்டும். அது இல்லாமல் ஒரே ஒரு கோணம்தான் கிடைக்கும்.

ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் கவனிக்க: மெயின் மாட்யூலின் ஸ்டார்ட் ரொட்டேஷன் ஸ்கிரிப்டில் ரேடியன், இன்ஸ்பெக்டரில் டிகிரி. ஆனால் தனிப் பார்ட்டிகிளின் ரொட்டேஷன் ஸ்கிரிப்டிலும் டிகிரி. 90 என்று மெயின் மாட்யூலில் போட்டால் 90 ரேடியன், 14 சுற்றும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சம் ஏறக்குறைய 117 டிகிரி. ‘90 போட்டால் கோணலாக வருகிறது’ என்பதற்கு இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

யூனிட்டியின் விஎஃப்எக்ஸ் கிராஃபில் ஓரியன்ட் பிளாக்கின் அலாங் வெலாசிட்டி வேறு மாதிரி. அது ஒய் அச்சை வெலாசிட்டியில் வைத்து, மீதி உருளலைக் கேமராவைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. பில்போர்டுக்கு (எப்போதும் கேமராவைப் பார்க்கும் தட்டைப் படத்துக்கு) எழுதப்பட்ட தர்க்கம். மெஷ்ஷுக்குப் போட்டால் கேமராவை நகர்த்தும்போது அம்புகள் தண்டைச் சுற்றி உருளும். அட்வான்ஸ்டு முறைக்கு மாற்றி இரண்டு அச்சையும் நீங்களே கொடுங்கள்.

வெள்ளிமாலை_பில்ட்

கோடோ என்ஜினுக்கு?

சதுரக்கல்

ஒய். டிரான்ஸ்ஃபார்ம் அலைனில் ஒய் டு வெலாசிட்டி. வில்லாளி முதலில் செய்திருந்த நட்டுவைத்த அம்பு, கோடோவுக்குள் ஒய்-மேல் ஆக வருவதால், அங்கே ஒன்றும் தொடாமலே நேராகப் பறக்கும்.

அச்சாணி

மூன்றாவது சிக்கல் அப்படியே கிடக்கிறது, செங்கல்.

எமிட்டர் பிராப்பர்ட்டீஸில் லோக்கல் ஸ்பேஸ் அணைந்திருந்தால், நீங்கள் ஸ்பானில் எழுதும் ஓரியன்டேஷன் உலக அச்சுக்கு. மதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குத் தெரியாது. லோக்கல் ஸ்பேஸை ஏற்றிவிட்டால் திசை சரியாகும். ஆனால் மதில் அசைந்தாலோ, இதே சிஸ்டத்தை ஓடும் தேரில் கட்டினாலோ, சிதறிய செங்கல் எல்லாம் காற்றில் கூடவே வரும். ஆகவே அணைத்தே வையுங்கள். ஸ்பானில் எஞ்சின்-ஓனர்-ரொட்டேஷன் என்ற குவாட்டர்னியனை எடுத்து, இடப்பக்கம் வைத்து, உங்கள் ஆரம்ப ஓரியன்டேஷனோடு பெருக்குங்கள். அப்டேட்டில் பெருக்காதீர்கள், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் குவியும். வெலாசிட்டி மாட்யூலின் கோஆர்டினேட் ஸ்பேஸையும் லோக்கலாக்குங்கள். இல்லாவிட்டால் செங்கல் மதில் பக்கம் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் பறக்கும்.

நாலாம்_அச்சு

அடுக்கிலிருந்து பெயரும் செங்கல்லுக்கு அது சரி. வெடிப்பின் நடுவிலிருந்து தாறுமாறாக வருபவற்றுக்கு ரேண்டம் ஓரியன்டேஷன் வேண்டும், அதில் ஒரு பிழை வழக்கமாக நுழையும். மூன்று கோணத்தையும் 0 முதல் 360 வரை ரேண்டமாக எடுத்தால் சீரான பரவல் வராது. பிட்ச் நேர் மேலும் நேர் கீழுமாக இருக்கும் நிலைகளில் அடர்த்தி கூடும். சொரசொரப்பான கல்லில் தெரியாது. நீண்ட மரத்துண்டில், மூங்கில் குச்சியில், செங்கல்லில் தெரியும்: கணக்குக்கு மேல் பலது செங்குத்தாக நிற்கும். யா (இட-வலத் திருப்பம்), ரோல் (உருளல்) இரண்டும் 0 முதல் 360. பிட்ச் மட்டும் மைனஸ் 1 முதல் 1 வரை எடுத்த ரேண்டம் எண்ணின் ஆர்க்சைன். இந்த ஒரு மாற்றமே போதும், பரவல் சரியாகச் சீராகிவிடும்.

துகள்தச்சன்

செங்கல் விழுந்ததுக்கு அப்புறம்தான் நிஜமான அசிங்கம். மூணு இடம்.

முதல்ல, நின்ன பிறகும் சுழலும். சுழல் வேகத்தை வேகத்தோட கட்டணும். தரையில உருளும்போது நொடிக்கு இத்தனை ரேடியன்ங்கிறது வேகம் வகுத்தல் ஆரம். 10 செ.மீ. ஆரமுள்ள கல் 200 செ.மீ. வேகத்துல உருண்டா 20 ரேடியன், ஏறக்குறைய 1146 டிகிரி. அச்சு, தரையோட நார்மல் (தரைக்குச் செங்குத்தான திசை) கிராஸ் வெலாசிட்டி. வெலாசிட்டி பூஜ்யமானா சுழலும் தானா பூஜ்யம், தனியா நிறுத்த வேண்டியதில்லை.

ரெண்டாவது, செங்கல் மூலையில நிக்கும். ஓய்வுக்கு வரும்போது படுக்க வைக்கணும். செங்கல்லோட மூணு அச்சையும் உலக ஸ்பேஸுக்கு மாத்தி, தரை நார்மலோட டாட் எடுங்க. எதோட அளவு பெருசோ அந்த அச்சு நார்மலுக்குக் கிட்ட இருக்கு. டாட் மைனஸா இருந்தா அச்சைத் திருப்பிக்கோங்க. அந்த அச்சிலிருந்து நார்மலுக்குக் குறுகிய சுழற்சி. இங்கே அந்தச் சூத்திரம் தாராளமா போதும், ஏன்னா எதிர்த்திசை வரவே வராது. அதை இப்போதைய ஓரியன்டேஷனுக்கு இடப்பக்கம் பெருக்கினா இலக்கு. 0.15 நொடியில அதுக்கு ஸ்லெர்ப் (சீராச் சுழற்றிக் கொண்டுபோறது). எந்தப் பக்கம் கிட்டயோ அந்தப் பக்கம் சாயுறதால நிஜமா விழுந்த மாதிரியே இருக்கும்.

மூணாவது, படுத்த செங்கல் மிதக்கும். 20-க்கு 10-க்கு 8 செ.மீ. செங்கல்லோட மூலைவிட்டப் பாதி ஏறக்குறைய 12. கொலிஷன் ஆரம் அதுவா இருந்தா, 8 செ.மீ. பக்கம் செங்குத்தா படுத்த செங்கல்லோட மையம் 4-ல இருக்கணும், 12-ல நிக்கும். தரைக்கு மேல 8 செ.மீ. அந்தரம். படுக்க வைக்கிறப்பவே ஆரத்தையும் அந்த அச்சோட பாதித் தடிமனுக்கு இறக்குங்க. பறக்கும்போது ஆரம் 6, 7ன்னு நடுவுல வச்சாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, தூசி மறைச்சுடும்.

மழைஇலை

சுழல் வேகத்துக்கு மேல் வரம்பு உண்டா? வீசு சக்கரம் ஒன்று வேகத்தைக் கூட்டக் கூட்ட நின்றுவிட்ட மாதிரி ஆகிறது.

நாலாம்_அச்சு

உண்டு. அந்த வரம்பை வைப்பது கண்தான். நான்கு முனைச் சக்கரம் 90 டிகிரி திரும்பினால் முன்பு இருந்த மாதிரியே தெரியும். 60 ஃப்ரேமில் நொடிக்கு 5400 டிகிரி கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் அதே படம், சக்கரம் உறைந்துவிடும். அதில் பாதியான 2700-ஐத் தாண்டியதுமே பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியத் தொடங்கும். 1500, 2000-க்குள் நிறுத்திவிட்டு, இன்னும் வேகம் தெரியவேண்டுமானால் மங்கலாக வரைந்த வட்டுக்கு மெஷ்ஷை மாற்றிவிடுங்கள். மூன்று முனை என்றால் ஃப்ரேமுக்கு 120 என்று கணக்குப் பாருங்கள்.

வில்லாளி

அம்பு, செங்கல் இரண்டும் சரியாகிவிட்டன. மேலை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கொண்டுவந்ததும் உச்சி உருளல் போய்விட்டது. ஆரிஜினை நுனிக்குப் பின்னால் வைத்தேன், நன்றாகக் குத்துகிறது.

வேகம் தெரிய அம்பை 1.5 மடங்கு நீட்ட நினைத்தேன். இசட்டில் ஸ்கேல் போட்டால் தண்டு தடிக்கிறது, நீளவில்லை.

அச்சாணி

ஸ்கேல் மெஷ்ஷின் சொந்த அச்சில், ரொட்டேஷனுக்கு முன்பே நடக்கும். நீங்கள் இப்போது மெஷ்ஷை எக்ஸில் மாற்றி எக்ஸ்போர்ட் செய்திருந்தால் நீளம் எக்ஸ். பெட்டியில் பிட்ச் போட்டுத் திருப்பியிருந்தால், எது நீள்கிறது என்று எக்ஸிலும் இசட்டிலும் ஒருமுறை 3 போட்டுப் பார்த்துவிடுவது சுருக்கமான வழி.

ஆரிஜின் நுனிக்கருகில் இருப்பதால் நீட்சி வால் பக்கம் போகும். அதுவே நல்லது, மோதல் புள்ளி அசையாது. மோதியதும் ஸ்கேலை 1-க்கு இறக்க மறக்காதீர்கள். வகைக்காக மைனஸ் ஸ்கேல் போட்டுக் கண்ணாடிப் பிம்பம் எடுக்கப் பார்க்காதீர்கள். முக்கோணங்களின் சுற்றுத்திசை புரண்டு, மெஷ் உட்பக்கம் வெளியே தெரிவதாக வரும். வேறு வடிவம் வேண்டுமானால் ரெண்டரரில் இரண்டாவது மெஷ்ஷைச் சேர்த்துவிடுங்கள்.

வெள்ளிமாலை_பில்ட்

கத்தி வீச்சுப் பிறை ஒண்ணு இருக்கு, அது எப்பவும் கேமரா பக்கம் பார்க்கணும், ஆனா சாயக்கூடாது. கேமரா பொசிஷனா, கேமரா பிளேனா?

அச்சாணி

கேமரா பொசிஷன், கூடவே லாக்டு ஆக்ஸிஸை ஏற்றி இசட், ஸ்பேஸ் வேர்ல்ட். பிளேன் வைத்தால் எல்லாப் பிறையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். திரை ஓரத்தில் உள்ளது கொஞ்சம் தட்டையாகத் தெரியும். விஆர் என்றால் பிளேன் கூடவே கூடாது, தலையைச் சாய்த்தால் பிறையும் சாயும். பிறையின் முகம் எக்ஸ் பக்கம் பார்க்கவேண்டும். பின்பக்கம் தெரிந்தால் மெட்டீரியலில் டூ-சைடட் போட்டு மறைக்காமல் ரெண்டரர் பெட்டியில் யா 180 போடுங்கள்.